மோப்ப நாய் ஏன் நின்றுவிடுகிறது?

‘மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.’ கொலை, கொள்ளைச் செய்திகளின் கடைசிப் பத்தியில் இதைப் படித்துப் படித்து நமக்கு அலுத்துவிட்டது. எழுதுகிற நிருபரும் அலுப்போடுதான் எழுதுகிறார். நாயை ஒப்புக்குக் கூட்டிவந்தார்கள், அது கைவிரித்துவிட்டது என்ற எண்ணம் மட்டும் மனதில் தங்கிவிடுகிறது. நாய் நின்ற இடம் பேருந்து நிறுத்தமா, ஆற்றங்கரையா, வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிய தெருமுனையா என்று எந்தச் செய்தியும் சொல்வதில்லை. தேடுகிறவர்களுக்கு வேண்டிய தகவலே அதுதான். பேருந்து நிறுத்தத்தில் நின்றது என்றால் ஆள் வண்டி ஏறியிருக்கலாம். தெருமுனையில் நின்றது என்றால் தவறு பெரும்பாலும் நாயிடம் இல்லை, கூட்டத்திடம்.

திருடனைப் பிடிப்பதைவிடக் காணாமல் போனவரைத் தேடுவது நாய்க்கு ஒரு வகையில் எளிது. திருடன் வண்டியில் தப்பிவிடுவான். வழி தவறியவரோ எங்காவது புதரோரம் உட்கார்ந்திருப்பார், அல்லது பள்ளத்தில் விழுந்து கிடப்பார். மணிக்கணக்காக ஒரே இடத்திலிருந்து வாசனையைக் காற்றில் விட்டுக்கொண்டே இருப்பார்.

மைசூரின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் ஹெப்பாளையே எடுத்துக்கொள்வோம். தொழிற்பேட்டை, இன்ஃபோசிஸ் வளாகம், ஏரி, புதிது புதிதாக முளைக்கும் குடியிருப்புகள், வெளிவட்டச் சாலையில் ஓயாத லாரிகள். (2024 டிசம்பர் 31 அன்று அந்த வளாகத்துக்குள் சிறுத்தை ஒன்று நடமாடியது தெரியவந்தது. ட்ரோன், கூண்டு, கேமரா என்று பல நாள் தேடியும் அகப்படவில்லை. கண்ணை மட்டும் நம்பித் தேடினால் இதுதான் கதி.) இங்கே ஒரு வீட்டில் மறதி நோய் உள்ள தாத்தா ஒருவர், மாலை நாலு மணிக்கு வாசல் கேட்டைத் திறந்துகொண்டு நடையைக் கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான். ஆனால் இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிடுகிறது. அப்படி ஒருவரைத் தேடி ஒரு தெருவே இரவில் டார்ச் விளக்கோடு அலைந்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும்.

தாத்தா நடந்து போன வழியில் எதை விட்டுச் சென்றிருக்கிறார்? தோலை. நம் மேல்தோலின் வெளி அடுக்கு சில வாரங்களுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பித்துக்கொள்கிறது. பழைய அடுக்கு கண்ணுக்குத் தெரியாத செதில்களாக நாள் முழுக்க உதிர்கிறது, நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில். ஒவ்வொரு செதிலிலும் கொஞ்சம் வியர்வை, கொஞ்சம் எண்ணெய்ப் பசை, அவற்றைத் தின்று வாழும் பாக்டீரியா. உடல் சூட்டில் காற்று நம்மை ஒட்டி மேலெழும்போது இந்தச் செதில்களையும் தூக்கிச் சென்று அக்கம்பக்கத்தில் தூவிவிடுகிறது. யாருடைய உடலில் என்ன பாக்டீரியா, என்ன சுரப்பு, என்ன மரபணு என்பதைப் பொறுத்து வாசனையின் கலவை ஆளுக்கு ஆள் மாறும். செக் நாட்டில் 2011இல் வெளியான ஒரு சோதனையில், பயிற்சி பெற்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் ஒரே கருவில் பிரிந்த இரட்டையரின் வாசனையைக்கூடத் தனித்தனியாக அடையாளம் கண்டன. அந்த இரட்டையர் ஒரே வீட்டில், ஒரே சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

நாயின் மூக்கில் 20 கோடிக்கு மேற்பட்ட வாசனை உணர் செல்கள் இருக்கின்றன. நமக்கு 50, 60 லட்சம். இந்தக் கணக்கைப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்போம். எனக்கு அதைவிட வியப்பாகத் தோன்றுவது மூக்குக்குள் காற்று போகும் பாதை. நாம் மூச்சிழுக்கும்போது வாசனையும் சுவாசமும் ஒரே வழியில் போய்விட்டு, அதே வழியில் வெளியேறுகின்றன. நாயின் மூக்கில் பாதை பிரிகிறது. உள்ளே போகும் காற்றில் சுமார் எட்டில் ஒரு பங்கு தனியாகப் பிரிந்து, மூக்கின் பின்கோடியில் உள்ள அறை ஒன்றுக்குப் போகிறது. எலும்புச் சுருள்கள் நிறைந்த அந்த அறையில்தான் உணர் செல்கள் குவிந்திருக்கின்றன. மூச்சு விடும்போது வெளியேறும் காற்று அந்த அறையைத் தொடுவதே இல்லை. அதனால் வாசனை அங்கே தங்கி, அடுத்த முகர்தலில் வருவதோடு சேர்கிறது.

வெளியேறும் மூச்சுக்கும் தனி ஏற்பாடு உண்டு. நாயின் நாசித் துவாரத்தின் பக்கவாட்டில் ஒரு பிளவு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முகரும்போது மூச்சு அந்தப் பிளவு வழியாகப் பக்கவாட்டில் பின்னோக்கிப் பீய்ச்சப்படுகிறது. தரையில் உள்ள வாசனையைத் தன் மூச்சாலேயே ஊதிக் கலைத்துவிடாமல் இருக்க இது உதவுகிறது; மேலும் அந்தப் பீய்ச்சல் முன்னால் இருக்கும் புதுக் காற்றை மூக்கை நோக்கி இழுத்தும் தருகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி செட்டில்ஸ் என்ற பொறியியலாளரின் குழு இந்தக் காற்றோட்டத்தைப் படம் பிடித்துக் காட்டியது. நொடிக்கு ஐந்து தடவை இப்படி முகர முடியும். இடது துவாரமும் வலது துவாரமும் தனித்தனி இடத்துக் காற்றை எடுப்பதால், வாசனை எந்தப் பக்கம் தூக்கலாக இருக்கிறது என்பதும் தெரியும். நம் இரண்டு காதுகள் ஓசையின் திசையைச் சொல்வது போலத்தான்.

இதன் விளைவு என்ன? வாழைப்பழ வாசனை தரும் அமைல் அசிடேட்டை வைத்து நடந்த சோதனையில், காற்றில் லட்சம் கோடியில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே நாய்கள் கண்டுபிடித்தன. இன்னொரு சோதனை தேடலுக்கு நேரடியாக உதவுவது. ஒருவர் நடந்துபோன தடத்தின் குறுக்கே நாயை விட்டால், அவர் எந்தத் திசையில் போனார் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? 2005இல் வட அயர்லாந்து ஆய்வாளர்கள் கண்டது: ஐந்து காலடிகள் வேண்டும். முதல் காலடிக்கும் ஐந்தாவது காலடிக்கும் நடுவே கழிந்த ஓரிரு விநாடிகளில் வாசனை எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதை ஒப்பிட்டு, புதிய பக்கம் எது என்று நாய் முடிவு செய்கிறது.

ஆக, மூக்கில் குறை இல்லை. பிறகு ஏன் நின்றுவிடுகிறது?

ஹெப்பாள் தாத்தாவுக்குத் திரும்புவோம். மாலை நாலு மணிக்கு மைசூரின் தார்ச் சாலை, மே மாதமாக இருந்தால், கால் வைக்க முடியாமல் கொதிக்கும். சூடான தரைக்கு மேலே காற்று குபுகுபுவென எழும்பி வாசனையை நாயின் மூக்குக்கு எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். ஈரமில்லாத தாரில் செதில்கள் ஒட்டாது. ஒவ்வொரு லாரியும் கொஞ்சம் துடைத்துக்கொண்டு போகும். நாய்க்கோ உடலெங்கும் வியர்த்துக் குளிரும் வசதி கிடையாது. சூட்டைத் தணிக்க வாயைத் திறந்து இளைத்தே ஆக வேண்டும். இளைக்கிற நாயால் ஒழுங்காக முகர முடியாது. வெயிலில் இருபது முப்பது நிமிடம் வேலை செய்த நாயை நிழலில் கட்டித் தண்ணீர் காட்டாமல் மேலும் விரட்டினால், அது ஓடும், தேடாது.

அதே தேடலை இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் கதை வேறு. தரை குளிர்ந்துவிட்டது, காற்று படிந்துவிட்டது, வாசனை புல்லோடு புல்லாகத் தங்கியிருக்கிறது. பள்ளங்களிலும் ஏரிக்கரைச் சரிவுகளிலும் அது வந்து தேங்கும். ‘இருட்டிவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மனிதர்கள் சொல்லும் நேரம்தான் நாய்க்கு ஏற்ற நேரம். மலைப்பகுதியில் இன்னொரு நுணுக்கம் சேர்ந்துகொள்கிறது. பகலில் சூடான காற்று சரிவில் மேல்நோக்கி ஏறும். இரவில் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். அதனால் பகலில் மேலிருந்தும், இரவில் கீழிருந்தும் தேட வேண்டும்.

தரையில் தடம் பார்ப்பது ஒரு முறை. காற்றில் வரும் வாசனையைப் பிடிப்பது இன்னொன்று. மைசூர் ஊதுவத்தியை முற்றத்தில் கொளுத்தி வைத்தால் புகை முதலில் கோடாக எழுந்து, போகப் போக அகன்று, காற்றடிக்கும் பக்கமாக விரிவதைப் பார்க்கலாம். ஓரிடத்தில் கிடக்கும் மனிதரிடமிருந்து வாசனையும் அப்படித்தான் கூம்பாக விரிகிறது. ஜூலை மாதம் ஹெப்பாளில் தென்மேற்கிலிருந்து பருவக்காற்று வீசும். ஏரிக்கரைப் புதரைத் தேட வேண்டுமானால், அனுபவமுள்ள காவலர் நாயை வடகிழக்குப் பக்கத்தில் இறக்கி, காற்றுக்குக் குறுக்காக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவிடுவார். கூம்பின் ஓரத்தைத் தொட்டதும் நாயின் தலை சட்டென்று ஒரு பக்கம் திரும்பும். வால் ஆட்டம் மாறும். பிறகு வளைந்து வளைந்து, வாசனை கனக்கும் பக்கமாகப் போகும். தலை திரும்பிய அந்தக் கணத்தைக் கவனிக்காமல் காவலர் போன் பேசிக்கொண்டிருந்தால் தேடல் அங்கேயே முடிந்தது.

வீட்டாரும் தெரியாமல் கெடுக்கிறார்கள். காவலர் வந்து ‘அவர் துணி ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்டால், மரியாதைக்குத் துவைத்து மடித்த வேட்டியைக் கொண்டுவந்து தருவோம். அதில் தாத்தாவைவிடச் சோப்பும், மடித்தவர் கையும்தான் அதிகம். அழுக்குக் கூடையில் கிடந்தால் எல்லோர் துணியோடும் கலந்துவிட்டது. தலையணை உறைதான் நல்லது, அதுவும் வேறு யாரும் படுக்காதது. தொடாமல், சுத்தமான பையைக் கையுறைபோல மாட்டிக்கொண்டு, உறையைப் பிடித்து, பையை வெளிப்புறமாகத் திருப்பி மூடிவிட வேண்டும். சில நாடுகளில் மறதி நோயாளிகளின் குடும்பங்கள் இதை முன்கூட்டியே செய்து வைக்கின்றன. துணித்துண்டால் நோயாளியின் கழுத்தையும் கையையும் துடைத்து, புட்டியில் அடைத்து, தேதி எழுதி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். நம்மூரில் இதற்குச் செலவு ஒரு பழைய ஊறுகாய்ப் பாட்டில், நன்றாகக் கழுவியது.

மண்ணுக்கு அடியில் புதைந்தவர்களைத் தேடுவது முற்றிலும் வேறு வேலை. தமிழர்களுக்கு அதை நினைவுபடுத்தும் பெயர் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே எஸ்டேட் லயங்களின் மேல் மலை சரிந்தது. இறந்த 70 பேரில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. காவல்துறையின் பயிற்சி பெற்ற நாய்கள் அங்கே வேலை செய்தன. ஆனால் ஊர் நினைவில் நிற்பது கூவி என்ற வீட்டு நாய். எந்தப் பயிற்சியும் இல்லாத கூவி, தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையைத் தேடி நாள்கணக்கில் அலைந்து, எட்டாவது நாள் ஆற்றின் ஓரமாக நின்று அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. தேடியவர்கள் அந்த இடத்தில் இறங்கிப் பார்த்தபோது, பாலத்துக்கு அருகே மரக்கிளையில் சிக்கியிருந்த குழந்தையின் உடல் கிடைத்தது. பிறகு காவல்துறை நாய்ப்படை கூவியைக் கொஞ்சகாலம் வளர்த்தது, அதன்பின் குழந்தையின் பாட்டியிடமே திருப்பித் தந்தது.

இந்தக் கதையைச் சொல்லி ‘பயிற்சி எதற்கு, பாசம் போதாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கூவி தேடியது ஒரே ஒரு குழந்தையை. பேரிடர் மீட்பு நாய்க்குத் தேடப்படுகிறவர் யாரென்றே தெரியாது. தலையணை உறை கொடுக்க அந்த வீடே இருக்காது. அங்கே அது தேடுவது ‘யாரோ ஒரு மனிதர்’ என்ற பொது வாசனையை. சமையலறை எச்சம், செத்த ஆடு மாடு, மற்ற நாய்கள், மீட்புக்கு வந்த நூற்றுக்கணக்கானோரின் வியர்வை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதைத் தேட வேண்டும். பாசத்தால் அது வராது. மாதக்கணக்கான பயிற்சியால் வரும். அந்தப் பயிற்சியின் அடிப்படை ஒரு பந்துதான். ஒளிந்திருக்கும் ஆளைக் கண்டுபிடித்துக் குரைத்தால் பந்து கிடைக்கும். பந்துக்காக உயிரையே கொடுக்கத் துணியும் குட்டிகளைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

உயிரோடு இருப்பவரைத் தேடும் நாய் வேறு, உடலைத் தேடும் நாய் வேறு. உயிருள்ள உடலின் வாசனையும் சிதையும் உடலின் வாசனையும் வேதியியல் கணக்கில் இரண்டு உலகங்கள். 1885இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் பிரீகர் கண்டறிந்த புட்ரசின், கடாவரின் என்ற இரண்டு சேர்மங்களே பிண வாசனைக்குக் காரணம் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். உண்மையில் நூற்றுக்கணக்கான ஆவிப்பொருள்கள் சேர்ந்தது அது. 2015இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனித உடலையும் பன்றி உட்பட பல விலங்குகளின் உடல்களையும் ஒப்பிட்டு, மனிதரையும் பன்றியையும் பிரித்துக் காட்டக்கூடிய ஐந்து எஸ்டர்களைக் கண்டார்கள். ஆய்வகம் இவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததை நாய்கள் அதற்கு முன்பே களத்தில் பிரித்துக்கொண்டிருந்தன.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை கிராமங்கள் நிலச்சரிவில் போயின. அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை. மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாகப் போனால் சில மணி நேரப் பயணம். அந்த வாரம் மைசூர்க்காரர்களுக்கு அது பக்கத்துத் தெருச் செய்திதான். பெங்களூரிலிருந்து ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் வந்து 190 அடி பெய்லி பாலம் கட்டியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். ராணுவத்தின் மீரட் நாய்ப் பயிற்சி மையத்திலிருந்து ஜாக்கி, டிக்சி, சாரா என்ற மூன்று நாய்கள் வந்தன. கேரளக் காவல்துறையின் மாயா, மர்பி என்ற பெல்ஜியன் மாலினாய்ஸ் நாய்கள் உடல்களைத் தேடுவதற்கென்றே பயிற்சி பெற்றவை.

சேறு நாய்க்கு மிகப் பெரிய எதிரி. கட்டட இடிபாட்டில் இடைவெளிகள் உண்டு. வாசனை கசிந்து மேலே வரும். தண்ணீர் ஊறிய மண்ணில் துளையே இருக்காது. வாசனை, நீர் கசியும் வழியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து, உடல் கிடக்கும் இடத்திலிருந்து பல அடி தள்ளி வெளியே வரலாம். நாய் அந்த இடத்தில்தான் குரைக்கும். அங்கே மட்டும் தோண்டிவிட்டு ‘நாய் ஏமாற்றிவிட்டது’ என்று சொன்னால் என்ன செய்வது? இதற்காகவே அனுபவமுள்ளவர்கள் முதலில் இரும்புக் கம்பிகளை மண்ணில் வரிசையாக இறக்கி எடுத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, பிறகு நாயை மறுபடி கொண்டுவருகிறார்கள். அவசரப்பட்டு ஜேசிபியை முதலில் இறக்கினால் டீசல் நாற்றமும் கிளறிய மண்ணும் எல்லாவற்றையும் குழப்பிவிடும். வயநாட்டில் இன்னொரு சிக்கல்: வெள்ளம் பலரைச் சாலியாற்றில் அடித்துக்கொண்டு போய் நிலம்பூர்ப் பக்கம் ஒதுக்கிவிட்டது. அங்கே நாயைவிட ஆற்றோரத்து மக்களின் கண்தான் பயன்பட்டது.

அதே மாயாவும் மர்பியும் 2025 மார்ச்சில் தெலங்கானா போனார்கள். பிப்ரவரி 22 அன்று ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கம் இடிந்து எட்டுப் பேர் உள்ளே சிக்கியிருந்தார்கள். சுரங்க வாயிலிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, சேறும் உடைந்த இயந்திரத் துண்டுகளுமாக அடைத்துக் கிடந்த இடம். நாய்கள் குறித்துக் கொடுத்த பகுதியில் தோண்டியபோது மார்ச் 9 அன்று முதல் உடல் கிடைத்தது.

இந்த இடத்தில் நம்மூர் நாய் ஆர்வலர்களுக்குக் கோபம் வரலாம்: மாலினாய்ஸும் லேப்ரடாரும்தானா, ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் ஆகாதா? கர்நாடகத்தின் முதோல் நாயை 2016இல் ராணுவமே மீரட்டுக்குக் கொண்டுபோனது. 2020இல் பிரதமரின் வானொலி உரையிலும் நாட்டு நாய்கள் இடம்பெற்றன. ஆனால் முதோலும் சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்துவதற்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. மூக்கு மோசமில்லை, மணிக்கணக்கில் குனிந்த தலையோடு பந்துக்காகத் தேடும் குணம் வேறு. பெருமையை வேறு இடத்தில் காட்டிக்கொள்ளலாம், இடிபாட்டில் வேண்டாம். பெங்களூரு அருகே தாரளுவில் உள்ள மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் நாய்ப் பள்ளியும் மாலினாய்ஸைப் பெருமளவு நம்புவது சும்மா இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் கடைசியாக ஒரு ஓட்டை மிச்சம் இருக்கிறது. அது நாய்ச் சங்கிலியின் இந்த முனையில். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஒரு சோதனையில், போதைப்பொருளும் வெடிமருந்தும் தேடும் 18 நாய்களையும் அவற்றின் காவலர்களையும் ஒரு தேவாலயத்தின் அறைகளுக்குள் அனுப்பினார்கள். உள்ளே எதுவுமே ஒளித்து வைக்கப்படவில்லை. ஆனால் சிவப்புக் காகிதம் ஒட்டிய இடங்களில் பொருள் இருக்கிறது என்று காவலர்களிடம் சொல்லியிருந்தார்கள். 144 தேடல்களில் நாய் கண்டுபிடித்துவிட்டது என்று 225 முறை காவலர்கள் சொன்னார்கள். ஒரு முறைகூடத் தவறாகச் சொல்லாத தேடல்கள் 21 மட்டுமே. எதிர்பார்த்த இடத்தில் காவலரின் நடை தளர்கிறது, சங்கிலி இறுகுகிறது, பார்வை அங்கே நிலைக்கிறது. நாய் அதைப் படித்துவிடுகிறது. அல்லது நாய் ஒன்றுமே செய்யாவிட்டாலும் செய்ததாகக் காவலருக்குத் தோன்றுகிறது. ‘இந்த வீட்டுக்குள்தான் ஆறு பேர் இருந்தார்கள், இங்கே பாருங்கள்’ என்று அழுதுகொண்டே காட்டும் உறவினர் பக்கத்தில் நின்றால் எந்தக் காவலரின் மனமும் அங்கேதான் சாயும்.

இதற்கு மருந்து, எதுவும் தெரியாத இரண்டாவது நாய். துருக்கியில் 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்துக்குப் பிறகு நம் தேசியப் பேரிடர் மீட்புப் படை ஜூலி, ரோமியோ, ஹனி, ராம்போ என்ற நாய்களோடு காசியான்டெப் மாகாணத்தின் நூர்தாகி நகரில் இறங்கியது. இடிந்த ஒரு கட்டடத்தின் மேல் ஏறிய ஜூலி, ஓரிடத்தில் நின்று குரைத்தது. படையினர் உடனே தோண்டிவிடவில்லை. ஜூலியை விலக்கிவிட்டு, ரோமியோவைத் தனியாகக் கொண்டுவந்து அதே குவியலில் விட்டார்கள். ரோமியோவும் அதே இடத்தில் குரைத்தது. அதன்பிறகே காங்கிரீட்டை வெட்டத் தொடங்கினார்கள். பிப்ரவரி 9 அன்று, மூன்று நாள் உள்ளே கிடந்த ஆறு வயதுச் சிறுமியை உயிரோடு வெளியே எடுத்தார்கள்.